கிராம சபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து பணியாக மாற்றுவது எப்படி: ஊருக்காக இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி ஒன்றில் வசித்துக்கொண்டு, ஊரணியைச் சீரமைக்க வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், மயானத்துக்குப் பாதை வேண்டும் என்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் ஊரணியின் வரத்துக் கால்வாய்க்காக நாங்கள் அலைந்த காலத்தில், எந்த ஆவணத்தை எங்கே வாங்குவது, எதை எப்போது கொடுப்பது, யாரிடம் கேட்பது என்பதை வரிசையாகச் சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டு விவரம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கீழே தருகிறேன்.

ஒரு தீர்மானத்தின் விதி கூட்டம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் முடிவாவதில்லை. கூட்டத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் நீங்கள் திரட்டும் காகிதங்களும், கூட்டத்துக்குப் பிந்தைய மாதங்களில் நீங்கள் விடாமல் பின்தொடர்வதும்தான் அதை முடிவு செய்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையிலும் கூட்ட நாளுக்குக் கொஞ்சம் இடமும், முன்னும் பின்னும் அதிக இடமும் கொடுத்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் வழிமுறை கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் ஊர் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ இருந்தாலும், அண்மையில் அவற்றோடு இணைக்கப்பட்டிருந்தாலும், அங்கே கிராம சபை கிடையாது. வார்டு குழு, பகுதி சபை என்று வேறு அமைப்பும் வேறு விதிகளும் உள்ளன.

1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

கிராம சபையின் உறுப்பினர் யார் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது: அந்த ஊராட்சிப் பகுதிக்கான வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். தலைவரின் அழைப்போ கட்சிப் பொறுப்போ வரிக் கட்டண ரசீதோ இதற்குத் தேவையில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் உங்கள் கையெழுத்துக்குக் கணக்கு இல்லை. "இவர் பெயர் லிஸ்டில் இல்லையே" என்ற ஒரே வாக்கியத்தில் ஓர் இளைஞர் குழுவையே உட்கார வைத்துவிடலாம் என்பதால், குழுவில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாதவர்கள் படிவம் 6 நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் போதும். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் இருப்பதாலும், 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் பெயரை அங்கே மாற்றிக்கொண்டிருந்தால், அவர்கள் உதவலாம், கையெழுத்திட முடியாது. பதினெட்டு நிறையாத தம்பி தங்கைகளும் அப்படித்தான். கணக்கெடுப்பிலும் அளவெடுப்பிலும் அவர்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

சங்கம் அமைத்துப் பதிவு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்த பிறகு ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யும் பொறுப்பு வந்து சேரும். அதோடு, தலைவர் யார் செயலாளர் யார் என்ற பேச்சில் முதல் மூன்று மாதம் கரைந்துபோகும். கிராம சபையில் பேசும் உரிமை வாக்காளருக்கு உரியது, சங்கத்துக்கு உரியதன்று. ஒரு பணியை முடித்த பிறகு சங்கம் பற்றி யோசித்தால் போதும்.

2. ஒரே கோரிக்கையைத் தேர்ந்தெடுத்து, அது யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

முதல் முறை போகும் குழுக்கள் பத்துக் கோரிக்கைகளை ஒரே மனுவில் அடுக்குகின்றன. அப்படிப்பட்ட மனுவுக்கு "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் வரும்; எதைப் பரிசீலித்தார்கள் என்று கேட்கவும் முடியாது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் ஊராட்சியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது: ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், தூய்மைப் பணி, குடிநீர், மயானம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் ஒன்றைக் கேட்டால், "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஊராட்சி தட்டிக்கழிக்க முடியாது.

நீர்நிலைகளில்தான் குழப்பம் அதிகம். ஊரணி, குட்டை போன்ற ஊர்ப் பொதுப் பயன்பாட்டு நீர்நிலைகள் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு உட்பட்ட பாசன ஏரி, கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். கோயில் குளமாக இருந்தால் அறநிலையத் துறை குறுக்கே வரும். சாலையிலும் இதே கதைதான்: ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என மூன்று வகை. பேருந்து, நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை வேறு துறைகளின் கையில் இருப்பவை. அவற்றுக்கும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆனால் அது அந்தத் துறைக்கு அனுப்பப்படும் ஒரு கோரிக்கையாகவே நிற்கும். முதல் முயற்சிக்கு ஊராட்சியின் நேரடிப் பொறுப்பில் உள்ள ஒன்றையே எடுத்துக்கொள்ளும்படி வலியுறுத்துவேன். ஒரு வெற்றியைக் கண்ணால் பார்த்த ஊர், இரண்டாவது கூட்டத்துக்கு அழைக்காமலே வரும்.

3. இடத்தின் நில ஆவணங்களை எடுத்து வையுங்கள்

நிலத்தோடு தொடர்புடைய கோரிக்கை எதுவாக இருந்தாலும், புல எண் (சர்வே எண்) இல்லாத மனு பாதி வழியில் நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டுக்கொண்டு, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இரண்டு ஆவணங்களை எடுங்கள். ஒன்று அ-பதிவேடு (ஒவ்வொரு நிலத்தின் வகையும் பரப்பும் எழுதப்பட்ட கிராமப் பதிவேடு) விவரம், மற்றொன்று புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்). மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் இரண்டையும் பார்க்கலாம்.

அ-பதிவேட்டில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது வகைப்பாடு: "புறம்போக்கு" என்று இருக்கிறதா, தனியார் பட்டாவா என்று பாருங்கள். இரண்டாவது பரப்பு: "0 - 48.50" என்று இருந்தால் அது 48.50 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர்), அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 20 சென்ட். இதை ஏக்கரிலும் மாற்றி எழுதி வைத்தால் ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். மூன்றாவது குறிப்பு அல்லது பெயர்ப் பகுதி: "ஊரணி", "வாய்க்கால்", "மயானம்", "பாதை" என்று எழுதப்பட்டிருக்கும் ஒரு சொல்தான் உங்கள் முழுக் கோரிக்கைக்கும் ஆதாரம்.

புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் நீளம் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும். ஒரு அளவு நாடாவோடு போய், தாளில் உள்ள அகலத்தையும் இடத்தில் இன்று மிஞ்சியிருக்கும் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வரத்துக் கால்வாயில் தாளில் இருந்த அகலத்தில் பாதிகூடச் சில இடங்களில் இல்லை. எந்த இடத்தில் மண் மேடிட்டிருக்கிறது, எந்த இடத்தில் கருவேலம் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் குழாய் பதிக்காமல் பாதை போட்டுவிட்டார்கள் என்று புலப்படத்தின் நகலிலேயே பென்சிலால் குறித்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புகைப்படம் எடுத்துச் சேர்த்தோம். பிறகு நடந்த ஒவ்வொரு பேச்சிலும் எங்களுக்குத் துணை நின்றது அந்த ஒரு தாள்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நீங்கள் அளப்பது உங்கள் புரிதலுக்காக மட்டுமே. எல்லையை அளந்து காட்டும் அதிகாரம் நில அளவருக்குத்தான் உண்டு. ஆகவே கல் நடுவது, கயிறு கட்டுவது, ஒருவரின் வேலியைக் கைகாட்டிப் பேசுவது எதையும் செய்யாதீர்கள். ஆக்கிரமிப்பு இருப்பதாகத் தோன்றினால் அதை வட்டாட்சியருக்குத் தனி மனுவாக, அளந்து காட்டும்படி மட்டும் கேட்டுக் கொடுங்கள். அதைத் தூர்வாரும் கோரிக்கையோடு ஒரே தீர்மானத்தில் கலந்துவிட்டால், ஊர் இரண்டாகப் பிரிந்து, யாருக்கும் மறுப்பில்லாத வேலையும் நின்றுபோகும்.

இரண்டாவது, ஆர்வத்தில் நீங்களாகவே பணம் பிரித்து ஜேசிபி இறக்கிவிடாதீர்கள். நீர்நிலையில் மண் எடுப்பது சிறு கனிம விதிகளுக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் வழக்கு உங்கள் பெயரில் வரும். குப்பை அள்ளுவது, செடி கொடி அகற்றுவது போன்ற கைவேலைகளுக்கும் ஊராட்சிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

4. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகவே கூடாது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே பணி நடந்ததாகக் கணக்கு இருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுவது எளிய வழி. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் பின்னர் கேட்பார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தின் 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம். பெற்றவர் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவின் உயிர் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. "ஊரணியை ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும், விளக்கம் தர வேண்டிய கடமை இல்லை. இப்படிக் கேளுங்கள்:

"இன்ன ஊராட்சி, புல எண் இன்னது, ஊரணியிலும் அதன் வரத்துக் கால்வாயிலும் கடந்த ஐந்து நிதியாண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொரு பணிக்கும் நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்கள் தருக."

"நடப்பு ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் நகல் தருக."

"கடந்த ஓராண்டில் நடந்த கிராம சபைக் கூட்டங்களின் தீர்மான நகல்கள் தருக."

அளவுப் புத்தகம் என்பது செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் ஏடு. மூன்று கேள்விகள் போதும். இருபது கேள்வி கேட்டால், அதிகப் பக்கம் என்று சொல்லிக் காலம் கடத்த வாய்ப்புக் கொடுத்துவிடுவீர்கள்.

பதிலுக்கு 30 நாள் காலம். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதை அவர் 30 நாளில், தாமதமானால் அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். மனுவை அஞ்சலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "பெற்றுக்கொண்டோம், போங்க தம்பி" என்ற வாய்ச்சொல்லை எந்த மேல்முறையீட்டிலும் காட்ட முடியாது.

காத்திருக்கும் நாள்களில் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தைத் திறந்து, உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் பாருங்கள். அதில் உள்ள பணிப் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். ஆனாலும் மனுவுக்கு வரும் பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

5. எந்தக் கூட்டத்தில் கொண்டுவருவது என்று தீர்மானியுங்கள்

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுகிறது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருந்தாலோ கடும் மழை பெய்தாலோ தேதி தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறும் ஒரே மாதிரிப் பயன் தருவதில்லை. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் இயக்கம் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஏப்ரல் 1-இல் பிறக்கும் நிதியாண்டின் பணத்தில் உங்கள் வேலைக்கு இடம் கிடைக்க வேண்டுமானால், அக்டோபர் 2 கூட்டமே சிறந்தது. தவறினால் நவம்பர் 1, ஜனவரி 26. மே மாதத்தில் போட்ட தீர்மானம் "இந்த ஆண்டு நிதி ஒதுக்கியாயிற்று" என்ற பதிலோடு ஒதுங்கிக்கிடப்பதை நிறைய ஊர்களில் பார்க்கலாம்.

அக்டோபர் 2-ஐக் குறிவைப்பவர்களுக்கான கால அட்டவணை இது: ஜூலை முதல் வாரத்தில் நில ஆவணங்கள், ஜூலை நடுவில் தகவல் உரிமை மனு, ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குப் பார்வையாளர் போல அமைதியாகப் போய், எப்படி நடத்துகிறார்கள், யார் பேசுகிறார்கள், பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது, ஆகஸ்ட் இறுதிக்குள் தீர்மான வாசகம், செப்டம்பர் முதல் வாரத்தில் தலைவரிடம் கடிதம், செப்டம்பர் முழுவதும் வீடுவீடாகப் போவது.

6. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

வாசகத்தை எழுதும் பொறுப்பை ஊராட்சிச் செயலரிடம் விட்டுவிட்டால், "ஊரணியைச் சீரமைக்க உரிய நடவடிக்கை எடுக்கக் கோரி விவாதிக்கப்பட்டது" என்று பதிவாகும். விவாதிக்கப்பட்டது என்பது தீர்மானம் ஆகாது. அதில் இடம் இல்லை, அளவு இல்லை, காலம் இல்லை, செய்ய வேண்டியவர் பெயரும் இல்லை. ஒரு நல்ல வாசகம் இப்படி இருக்கலாம்:

"இவ்வூராட்சிக்குட்பட்ட புல எண் இன்னதில் உள்ள ஊரணிக்கு நீர் கொண்டுவரும், புல எண் இன்னதில் உள்ள வரத்துக் கால்வாயை, சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு, புலப்படத்தில் உள்ள அகலப்படி தூர்வாரி, பாதை குறுக்கிடும் இடத்தில் குழாய்ப் பாலம் அமைக்கும் பணியை, அடுத்த நிதியாண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது என்றும், இதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் மூலம் பெற்று அடுத்த கிராம சபையில் வைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். "அடுத்த கிராம சபையில் வைப்பது" என்ற சொற்கள் இருந்தால்தான், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று "மதிப்பீடு எங்கே?" என்று கேட்க உங்களுக்குப் பிடி கிடைக்கும். தொகையை நீங்கள் எழுத வேண்டாம். மதிப்பீடு போடுவது பொறியாளரின் வேலை.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், ஏனெனில் "நிதி இல்லை" என்பதே முதல் மறுப்பாக இருக்கும். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021–22 முதல் 60 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கும், குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டை ஊராட்சி தன் தேவைப்படி செலவிட முடிந்தது. உங்கள் ஆண்டில் எந்த நிதிக்குழுவின் விகிதம் நடப்பில் உள்ளது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, உங்கள் கோரிக்கை எந்தத் தலைப்பின்கீழ் பொருந்தும் என்று பாருங்கள். ஊரணி வரத்துக் கால்வாயை "அழகுபடுத்துதல்" என்று எழுதுவதைவிட "மழைநீர் சேகரிப்பு" என்று எழுதினால் வழி திறக்கும். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த முன்வந்தால் மீதியை அரசு தரும். வெளிநாட்டிலும் வெளியூரிலும் சம்பாதிப்பவர்கள் நிறைய உள்ள ஊர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒப்புதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். இளைஞர்கள் வசூல் செய்தார்கள், வேலை நடக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அடுத்த பத்தாண்டுக்கு அந்த ஊரில் யாரும் எதையும் தொடங்க முடியாது.

7. கடிதம் கொடுங்கள், வீடுவீடாகப் போங்கள்

வாசகத்தை இணைத்து, "வரும் கிராம சபையின் கூட்டப் பொருளில் இதைச் சேர்க்க வேண்டும்" என்று கேட்டு, ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சியாக இருந்தால் தனி அலுவலருக்குக் கொடுங்கள். நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) அனுப்புங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பி.டி.ஓ.க்கள் இருப்பார்கள், உங்களுக்கு உரியவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். கூட்ட அறிவிப்பு 7 நாளுக்கு முன்பே வர வேண்டும் என்பதால், உங்கள் கடிதம் அதற்கு மூன்று வாரம் முன்பே சேர்ந்திருப்பது நல்லது.

தலைவரை முதலில் தனியே போய்ப் பாருங்கள். அவரை எதிர்ப்பதற்காக நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள் என்று அவருக்கு வேறு யாரோ சொல்லி வைக்கும் முன், ஆவணங்களோடு நீங்களே போய், "ஐயா, இதை நீங்கள் முன்மொழிந்தால் ஊருக்கே மகிழ்ச்சி" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். பெயர் அவருக்குப் போகட்டும், வேலை ஊருக்கு நடக்கட்டும்.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை தேவை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வெறும் முப்பது பேர் வந்து, மற்ற கையெழுத்துகள் பின்னர் சேர்க்கப்படும் ஊர்களில் இளைஞர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் ஆளைத் திரட்டுவதுதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டுவிட்டால் ஆள் வந்துவிடாது. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவைச் சேர்ந்த இருவர் போக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டு அங்கே பத்து நிமிடம் பேச வேண்டும். முக்கியமாக, ஊரின் எல்லாக் குடியிருப்புகளுக்கும் போக வேண்டும். ஒரு சமூகத்துத் தெருவிலிருந்து மட்டும் எழும் கோரிக்கை, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், "அவங்க பசங்க கேட்கிறாங்க" என்று சுருக்கப்பட்டுவிடும். உங்கள் குழுவிலேயே எல்லாத் தெருவின் பிள்ளைகளும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது. அது தானாக நடக்காது, அதற்கென உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

8. கூட்ட நாளில்

அரை மணி நேரம் முன்பே போய் முன்வரிசையில் உட்காருங்கள். வாக்காளர் அட்டை, புல ஆவணங்கள், தகவல் உரிமைப் பதில், கடிதத்தின் முத்திரையிட்ட நகல், தீர்மான வாசகத்தின் ஐந்து பிரதிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர் (கூட்டத்தைக் கண்காணிக்க அனுப்பப்படும் அலுவலர்) யார் என்று கேட்டு, வணக்கம் சொல்லி, ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

பேசுவதற்கு ஒருவர் போதும், மூன்று நிமிடம் போதும். இயன்றால் அவர் பெண்ணாக இருக்கட்டும். அல்லது அந்தத் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தும் வீட்டவராக இருக்கட்டும். பழைய குறைகளையும் கட்சிப் பேச்சையும் யாராவது இழுத்தால், "அது தனிப் பொருள், இதை முடித்துவிட்டு அதற்கு வருவோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

மிகப் பெரிய பொறி கையெழுத்தில் இருக்கிறது. உள்ளே நுழையும்போதே வருகைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சில ஊர்களில் பதிவேட்டின் எழுதப்படாத பக்கங்களுக்குக் கீழே அந்தக் கையெழுத்து அமைந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி, "எழுதினதை வாசிங்கய்யா, அப்புறம் போடுறேன்" என்று பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் நின்றுவிட்டது. வாசிக்காமல் வேறு வழி இருக்கவில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள்: தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், எண் இடப்பட வேண்டும், உரக்க வாசிக்கப்பட வேண்டும், அதன் பிறகு கையெழுத்து. தீர்மான எண்ணை உங்கள் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். "மனுவாகப் பெற்றுக்கொள்கிறோம், பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் மரியாதையாக மறுத்து, அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

9. கூட்டத்துக்குப் பிறகு

பெரும்பாலான முயற்சிகள் உயிரை விடும் இடம் இதுதான். கைதட்டி, படம் எடுத்து, எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தீர்மானம் பதிவேட்டிலேயே உறங்குகிறது.

முதல் வாரத்தில் தீர்மான நகலை எழுத்துமூலம் கேளுங்கள். தராவிட்டால் மீண்டும் 10 ரூபாய் வில்லை, மீண்டும் 30 நாள். நகல் கைக்கு வந்ததும், அதை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்டத்தின் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்துக்கும், மதிப்பீடு தயாரிக்கக் கோரி எழுதுங்கள். ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் உங்கள் மனு சரியான இடத்துக்குத்தான் போகிறது. மனு எண் தருவார்கள், பத்திரமாக வையுங்கள். 1100 என்ற முதலமைச்சரின் உதவி மையத்திலும் பதிவு செய்யலாம். ஆனால் "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று மனுவை முடித்துவைத்துக் குறுஞ்செய்தி வந்தால் அத்துடன் நிறுத்தாதீர்கள். அந்த அலுவலர் யார், என்ன பதில் எழுதினார் என்று கேளுங்கள்.

காகிதம் நகரும் வரிசை தெரிந்திருந்தால் எங்கே நிற்கிறது என்று கேட்பது எளிது: இடத்தைப் பார்வையிடுதல், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, பணி, அளவுப் புத்தகப் பதிவு, பட்டியல் தொகை (செய்த வேலைக்கு வழங்கும் பணம்). "ஃபைல் எங்கே இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி ஆகிவிட்டதா, எண் என்ன?" என்று கேளுங்கள். பணியைப் பார்வையிட மேற்பார்வையாளர் வரும் நாளில், பென்சிலால் குறித்த அந்தப் புலப்படத்தோடு குழுவில் இருவர் கட்டாயம் உடன் நடக்க வேண்டும்.

10. செலவும் பொறுப்பும்

தகவல் உரிமை மனு ஒன்றுக்கு 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், அஞ்சல், ஜெராக்ஸ், பேருந்துக் கட்டணம், சில புகைப்பட அச்சுகள்: இவ்வளவுதான் நேரடிச் செலவு. நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் சுமையில்லை. யாருக்கும் "கவனிப்பு" என்று எதுவும் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த மேசையும் அதை எதிர்பார்க்கும், உங்கள் பேச்சின் வலுவும் போய்விடும். உண்மையான செலவு வேலைநாள்களில்தான். அலுவலகங்கள் வார நாள்களில் மட்டுமே திறந்திருப்பதால், தினக்கூலிக்குப் போகும் நண்பரை அலையவிடாமல், கல்லூரி விடுமுறையில் உள்ளவர்களும் இரவுப் பணி பார்ப்பவர்களும் அந்தப் பயணங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பணி தொடங்கியதும் வேலை உத்தரவில் உள்ள நீளம், அகலம், ஆழத்தைப் புலத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாகத் தெரிந்தால் பட்டியல் தொகை வழங்கப்படும் முன்பே பொறியாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பிறகு தெரிவிப்பதில் பெரிய பயனில்லை. எல்லாக் காகிதங்களுக்கும் இரண்டு பிரதிகள் வைத்து, இருவர் வீட்டில் தனித்தனியே பாதுகாக்கவும். வேலை கிடைத்துச் சென்னைக்கோ திருப்பூருக்கோ கிளம்பும் நண்பர், கோப்பை ஒப்படைக்கும்போது முதல் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதிவிட்டுப் போகட்டும்: தீர்மான எண், கடைசியாகப் பதில் வந்த தேதி, அடுத்ததாக மனு போட வேண்டிய கடைசி நாள்.